பெரியப்பாவின் டயானா: பிரித்துச் சரிபண்ணுவதா, புதுசு வாங்குவதா

போன ஆடியில் மண்டபத்துக்குப் பக்கத்திலிருக்கும் வேதாளைக்குப் போயிருந்தபோது பெரியப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் ஓலைப்பாய்ச் சுருட்டை இழுத்து என் மடியில் வைத்தார். உள்ளே அவருடைய ஏர் ரைஃபிள். "நீயே வச்சுக்க அப்பு. எனக்கு இப்ப குறி தெரிய மாட்டேங்குது" என்றார்.

ஜெர்மனியில் செய்த டயானா, மாடல் 27, 4.5 மி.மீ. குழல். சிறுவயதில் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதன் இரும்பில் பதித்திருக்கும் முத்திரையை விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். ஒரு பெண் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பாள்; வில்லும் அம்பும் காலடியில் கிடக்கும். கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதப் போன பெரியப்பா, சம்பளத்தில் மிச்சம் பிடித்து அங்கே வாங்கியது. தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் மண்டபம் வந்து சேர்ந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனதற்கு முந்திய கதை. கருவாடு காயும் பாயில் காக்கை இறங்கினால் பக்கத்துத் தகரத்தில் ஒரு ரவை, அதாவது சின்ன ஈயக் குண்டு, விடுவார். சத்தத்துக்கே எல்லாம் எழும்பிப் பறந்துவிடும். மற்றபடி சிரட்டை, தீப்பெட்டி, தகர டப்பா. உயிருள்ள எதையும் அவர் சுட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து ரவை போடக் குழலை மடக்கினால் கரகரவென்று மணல் அரைபடும் ஓசை. சுட்டால் 'டங்' என்று உள்ளே ஸ்பிரிங் அதிர்ந்து, கன்னத்தில் ஓர் உதறல். ரவை பத்து மீட்டர் தள்ளி வைத்த அட்டைப்பெட்டியின் முதல் சுவரைத் தாண்டவே யோசித்தது. கூடவே, சுட்ட ஒவ்வொரு முறையும் காய்ந்த எண்ணெய்ச் சட்டி வாசனை.

மச்சான் ராமநாதபுரத்தில் இருக்கிறார். அவருடைய மகள், என் மருமகள், பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக் குறி பார்த்துச் சுடப் பழக வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். "இந்தப் பழைய இரும்புக்குச் செலவழிக்கிற காசைப் புதுசுல போடுங்க மாப்ள. அறுபது வருஷச் சாமானை வச்சுப் பிள்ளை எப்படிப் பழகும்?" என்றார். அவர் கேட்டது நியாயம். அதனால் முதலில் நான் எதையும் கழற்றவில்லை, கடைக்குப் போனேன்.

நம் நாட்டுத் தயாரிப்பில் இப்போது நல்ல ஏர் ரைஃபிள்கள் வருகின்றன. நான் விசாரித்த இடத்தில் பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் ஆரம்பித்து இருபதாயிரத்துக்கு மேலும் போனது. 2016-ஆம் வருட ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ளவற்றுக்கு உரிமம் வேண்டாம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். சிலவற்றில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நைட்ரஜன் வாயு அடைத்த உருளை இருக்கிறது. மடக்கி வைத்து நேரமானாலும் அது தளராது, அந்த 'டங்' அதிர்வும் இல்லை. ஆனால் வாயு கசிந்துவிட்டால் வீட்டில் செய்ய ஒன்றும் கிடையாது, உருளையையே மாற்ற வேண்டும். தோளில் வைக்கும் கட்டை பிளாஸ்டிக்கில் வருவதால் மழைக்காலத்தில் ஊதாது. நம் கடற்கரைக்கு அது பெரிய வசதி.

கூட்டாளி ஒருவர் போன வருடம் வாங்கிய புதுத் துப்பாக்கியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொன்னேன். வாங்கி ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. குழலின் அடிப்பக்கம், கையால் பிடித்து மடக்குகிற இடத்தில், ஐந்து விரல்களும் அப்படியே துருவாகப் பதிந்திருந்தன. வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து செய்த வேலை. கறுப்புப் பூச்சு மெல்லியது. அதற்கு அவரையும் குறை சொல்ல முடியாது, செய்தவர்களையும் முடியாது. இந்தப் பக்கம் பாக் விரிகுடா, அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் நாம். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் காலையில் துடைத்துவைத்த இரும்பை மாலையில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தைக் காலமெல்லாம் துரு சுரண்டி வண்ணம் பூசித்தான் நிறுத்திவைத்தார்கள். ஆகவே புதுசு வாங்கினால் துருத் தொல்லை போய்விடும் என்ற எண்ணத்தை அன்றைக்கே விட்டேன். எதை வாங்கினாலும் இங்கே பிரித்துத் துடைக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்வதானால் பெரியப்பாவுடையதிலேயே தெரிந்துகொள்ளலாமே என்று பட்டது.

பிரிப்பதற்கு முன்னால் வேகத்தை அளந்தேன். வேகமானி ஆயிரக்கணக்கில் விலை. போனே போதும். துப்பாக்கி முனைக்குப் பக்கத்தில் போனை வைத்து ஒலிப்பதிவை ஓட விட வேண்டும். சரியாக 10 மீட்டரில் ஒரு பழைய குக்கர் மூடியைக் கயிற்றில் தொங்கவிட்டேன், பின்னால் மணல் பெட்டி. சுட்ட ஓசையும் மூடியில் பட்ட ஓசையும் பதிவில் இரண்டு கூரான கம்பங்களாகத் தெரியும். இடைப்பட்ட நேரத்தை மில்லிசெகண்டில் படிக்கலாம். அதில் மூடியின் ஓசை போனுக்குத் திரும்பி வந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். 30 டிகிரி வெயிலில் ஒலி செகண்டுக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். 10 மீட்டருக்கு 29 மில்லிசெகண்ட். மீதி, ரவை பறந்த நேரம்.

பத்துக் குண்டில் கிடைத்த சராசரி 109 மில்லிசெகண்ட். கழித்தால் 80 மில்லிசெகண்ட், அதாவது செகண்டுக்கு 125 மீட்டர். நகைக்கடைத் தராசில் 20 ரவை போட்டால் 10 கிராம் காட்டியது, ஆக ஒன்று அரை கிராம். சக்தி 3.9 ஜூல். வேகம் குறைவு என்பதைவிட எனக்கு உறுத்தியது அது தாவுவதுதான். ஒரு தடவை 104, அடுத்த தடவை 118. ஒவ்வொரு ரவையும் ஒவ்வொரு வேகத்தில் போனால் யார் சுட்டாலும் ஓரிடத்தில் விழாது.

கூட்டாளியின் புதுசையும் அதே மூடியில் அளந்தோம். 71 வந்தது, செகண்டுக்கு 238 மீட்டர், 14 ஜூல் சொச்சம். நல்ல பலம், தாவலும் இல்லை. ஆனால் மருமகள் அதை மடக்க முயன்றபோது இரண்டு கையாலும் தொங்க வேண்டியிருந்தது. ஐந்து ரவை சுட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய ஸ்பிரிங் துப்பாக்கியைப் பிழைக்க வைக்கலாமா என்பதை இரண்டே பரப்புகள்தாம் சொல்லும்: குழலின் உட்புறம், பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்புறம். வாஷர் தேயும், ஸ்பிரிங் தளரும், கட்டை வெடிக்கும்; எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. இந்த இரண்டு இடத்தில் துரு குழி பறித்திருந்தால் மாற்று கிடையாது. புதுசு வாங்கிவிட்டுப் பழையதைச் சுவரில் மாட்டலாம்.

குழலுக்குக் கம்பி எதுவும் விடவில்லை. ரவையைச் சுழல வைக்கும் உள்வரிகளை இரும்புக் கம்பி கீறிவிடும். வலைக்காரர்களிடம் வாங்கிய கெட்டித் தங்கூசி நரம்பை இரட்டையாக மடித்து, மடிப்பில் பனியன் துணித் துண்டைக் கோத்து, மடக்கும் பக்கத்திலிருந்து முனைக்கு இழுத்தேன். முதல் துண்டு கரி போல வந்தது. ஈயம், எண்ணெய்க் கறை, தூசி. பன்னிரண்டாவது துண்டு வெள்ளையாக வந்த பிறகு வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். உள்வரிகள் கூர்மையாக, தொடக்கம் முதல் கடைசிவரை சுற்றிக்கொண்டு போயின. முனைக்கு அருகில் ஒரே ஒரு கறுத்த புள்ளி. அப்போதே எனக்குப் பாதி முடிவு ஆகிவிட்டது.

மீதிப் பாதிக்குப் பிரித்தாக வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: குழலை மடக்கும்போது அதோடு இணைந்த ஓர் இரும்புக் கை பிஸ்டனைப் பின்னால் தள்ளி ஸ்பிரிங்கை நெருக்குகிறது. டிரிகரை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து, முன்னாலிருக்கும் காற்றை நசுக்கி, சின்னத் துவாரம் வழியே ரவையின் முதுகில் தள்ளுகிறது. ரவையைத் தள்ளுவது காற்றுதான், ஸ்பிரிங் இல்லை. அதனால் பிஸ்டன் தலையிலிருக்கும் வாஷர் காற்றை விட்டுவிட்டால் எவ்வளவு பலமான ஸ்பிரிங் போட்டாலும் பயன் இல்லை. இது தெரிந்தும் நான் ஒரு தவறு செய்தேன்; பின்னால் சொல்கிறேன்.

மடக்காத நிலையிலும் உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தோடுதான் இருக்கும். பின்பக்க ஊசிகளை வெறுங்கையில் தட்டி எடுத்தால் டிரிகர் கட்டு முகத்துக்குப் பாய்ந்து வரும். நல்ல கிளாம்பு இல்லாமல் யாரும் தொட வேண்டாம். மண்டபத்தில் வத்தை என்கிற நாட்டுப்படகு கட்டும் ஆசாரி ஒருவரிடம் பலகை ஒட்டப் பிடிக்கும் நீளக் கிளாம்பு இருந்தது. விஷயத்தைச் சொன்னதும், "கொண்டாங்க, இங்கயே கழட்டிருவோம்" என்று பட்டறையிலேயே இடம் கொடுத்தார். வேப்பங்கட்டையில் ஒரு குழி செதுக்கித் துப்பாக்கியின் பின்பக்கத்தை அதில் உட்கார வைத்தோம். அவர் கிளாம்பை ஒரு பிடி இறுக்கினார், நான் ஊசிகளைத் தட்டினேன், அவர் அரைத் திருகு அரைத் திருகாகத் தளர்த்தினார். ஸ்பிரிங் மூச்சு விட்டதுபோல் நீண்டு ஓய்ந்தது.

இந்த மாடலின் டிரிகர் அழகான வேலை. பிஸ்டனின் தண்டைக் கொக்கி பிடிப்பதில்லை. மூன்று எஃகு உருண்டைகள் ஒரு கூண்டிலிருந்து உள்ளே நெருங்கி, தண்டின் பள்ளத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கின்றன. டிரிகரை இழுக்க, வெளிக் கூண்டு நகர்ந்து, உருண்டைகள் விலகி வழிவிடுகின்றன. பெரிய ஸ்பிரிங்கின் பாரத்தை மூன்றும் பங்கு போட்டுக்கொள்வதால்தான் அறுபது வருடத்துக்குப் பிறகும் இழுப்பு அவ்வளவு மெத்தென்று இருக்கிறது. இதைப் படித்துத் தெரிந்துதான் வைத்திருந்தேன். ஆனாலும் கூண்டைத் தலைகீழாகச் சாய்த்ததும் மூன்றில் ஒன்று உருண்டு, பட்டறை மணலில் இறங்கிவிட்டது. சைக்கிள் கடையில் பால்ஸ் கிடைக்கும், ஆனால் அளவு ஒரு மயிரிழை மாறினாலும் மூன்றும் சமமாகப் பாரம் தாங்காது. மடக்கிய துப்பாக்கி தானாக வெடிக்கும் ஆபத்து உண்டு. ஆசாரியின் பையன் ஓடிப்போய்ப் பழைய ஸ்பீக்கரின் காந்தம் ஒன்றைக் கொண்டுவந்தான். மணலை முறத்தில் அள்ளி அள்ளிக் காந்தத்தை ஓட்டினோம். ஆணி, திருகு, இரும்புத் தூள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்து, அரை மணி நேரம் கழித்து அதுவும் வந்தது. அடுத்த முறை ட்ரேயில் துணி விரிக்காமல் கூண்டைத் திறக்க மாட்டேன்.

உள்ளே பார்த்தால், எண்ணெய்ச் சட்டி வாசனையின் காரணம் அங்கே இருந்தது. தேங்காய் எண்ணெய். பெரியப்பா மாதம் ஒருமுறை காற்றுத் துவாரத்தில் ஒரு சொட்டு விடுவார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எண்ணெய் வாஷரின் முன்பக்கம் போய்விட்டால், காற்று நசுங்கும் சூட்டில் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் நடப்பதுதான். புகையும் வாசனையும் வரும், ரவை கண்டபடி போகும், தோல் வாஷர் கருகும். பல வருட எண்ணெய் பிசுபிசுத்துக் கறுப்புத் தாராகி, பிஸ்டன் முழுவதும் அப்பியிருந்தது. தோல் வாஷரின் விளிம்பு கரிக்கட்டை மாதிரி பொடிந்தது. ஆனால் அந்தத் தார்தான் சிலிண்டரைக் காப்பாற்றியும் இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் முன்பக்கம், காற்றழுத்தம் உச்சிக்குப் போகிற கடைசி இரண்டு அங்குலம், கண்ணாடிபோல் இருந்தது. பின்பக்கம் ஸ்பிரிங் நிற்கும் இடத்தில் சில குழிகள். அங்கே வாஷர் காற்றைப் பிடிக்க வேண்டியதில்லை; இருந்துவிட்டுப் போகட்டும். அன்று சாயங்காலமே மச்சானுக்குப் போன் பண்ணி, பழையதைச் சரிபண்ணப் போகிறேன் என்று சொன்னேன். "சரி, பாருங்க. ஆனா தீபாவளிக்குள்ள ஆகலைன்னா நான் புதுசு எடுத்துருவேன்" என்றார்.

சிலிண்டருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மூங்கில் குச்சியைப் பிளந்து 600 நம்பர் உப்புத்தாளைச் செருகி, எண்ணெய் தொட்டு, முன்னும் பின்னுமாகத் திருகித் திருகி ஐந்து நிமிடம். வழவழப்பாக மெருகேற்றக் கூடாது. மெல்லிய குறுக்குக் கீறல்கள் இருந்தால்தான் கிரீஸ் தங்கும். பிறகு துணியில் தூள் வராதவரை துடைத்தேன்.

வாஷருக்குத்தான் அலைந்தேன். ரப்பர், பிளாஸ்டிக் வாஷர் பொருத்தப் பிஸ்டன் தலையைக் கடைய வேண்டும். பெரியப்பாவின் பிஸ்டனை லேத்தில் கொடுக்க மனம் வரவில்லை. தோலுக்குத் தோல்தான். ஊரில் அடிபம்பு ரிப்பேர் பார்த்த வயதானவர் ஒருவர் இருக்கிறார். முன்பெல்லாம் இந்தியா மார்க் 2 பம்புகளின் உள்ளேயும் கிண்ண வடிவத் தோல் வாஷர்தான் தண்ணீரைத் தூக்கியது. அவரிடம் அளவைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "சைக்கிள் பம்புக்கும் இதுக்கும் நடுவுல இருக்கு" என்றார். வழி சொன்னதும் அவர்தான். லேத் பட்டறையில் ஒரு சின்ன அச்சு கடைந்து வாங்கினேன். ஒரு பக்கம் குழி, மறுபக்கம் அதில் இறங்கும் கட்டை, இடையில் தோலின் தடிமனுக்கு இடம். செருப்புத் தைப்பவரிடம் 3 மி.மீ. கெட்டித் தோலை வட்டமாக வெட்டி வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மழமழப்பான பக்கம் வெளியே வரும்படி அச்சில் வைத்து வைஸில் இறுக்கினேன். இரண்டு நாள் அப்படியே. வெயிலில் வைக்கக் கூடாது, தோல் சுருங்கிக் கோணிவிடும். எடுத்தபோது பாக்குக் கிண்ணம்போல் நிமிர்ந்து நின்றது. சிலிண்டரின் உள்விட்டத்தைவிட அரை மி.மீ. கூடுதலாக விட்டு விளிம்பைப் பிளேடால் சீவி, விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் பழைய துணியில் சுற்றி எண்ணெயைப் பிழிந்து எடுத்தேன். தோல் மெத்தென்று இருக்க வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. முதல் கிண்ணம் அடிப்பாகத்தில் வெடித்துவிட்டது, ஊறியது போதவில்லை. இரண்டாவதுதான் இப்போது உள்ளே இருப்பது.

சிலிண்டருக்குள் அதை வைத்துக் கட்டைவிரலால் துவாரத்தை அடைத்துப் பிஸ்டனைத் தள்ளினால், எதிர்த்துத் தள்ளியது. விரலை எடுத்ததும் 'ஃபுஸ்' என்று கையில் காற்று அடித்தது. அந்தக் காற்று பட்டபோது வந்த சந்தோஷத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது.

இனி அந்தத் தவறு. பழைய ஸ்பிரிங்கைத் தரை ஓட்டில் உருட்டினால் வாழைக்காய் மாதிரி நொண்டியது, 205 மி.மீ. நீளம்தான் மிச்சம். மதுரையில் ஸ்பிரிங் சுற்றுகிறவர்களிடம் போனேன். பழைய கம்பி 3 மி.மீ., 30 சுற்று. கையில் பழையதை வைத்துக்கொண்டே, கொஞ்சம் பலமாக இருக்கட்டும் என்று 3.5 மி.மீ. கம்பியில் சுற்றச் சொன்னேன். கம்பியின் தடிமன் ஏறினால் விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறும், 3-லிருந்து 3.5 போனால் ஏறக்குறைய 1.85 மடங்கு. அதுகூடப் பரவாயில்லை. 30 சுற்றும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் பழையதற்கு 90 மி.மீ. இடம் போதும், புதியதற்கு 105 வேண்டும். துப்பாக்கியில் மடக்கிய நிலையில் அவ்வளவு இடமே இல்லை. பூட்டி மடக்கினால் முக்கால்வாசியில் கல்லில் மோதியதுபோல் நின்றது. உருண்டைகள் தண்டைப் பிடிக்கும் இடத்துக்குப் பிஸ்டன் வரவேயில்லை. இன்னும் பலமாக இழுத்திருந்தால் மடக்கும் கை வளைந்திருக்கும். நல்லவேளை, நிறுத்திவிட்டேன். மறுபடி கிளாம்பு, மறுபடி ஆசாரி. மறுபடி மதுரைக்குப் போய், பழைய அளவிலேயே 3 மி.மீ. கம்பியில், இரண்டு முனையும் தட்டையாகச் சாணை பிடித்து, 228 மி.மீ. நீளத்தில் சுற்றி வாங்கினேன். முதலிலேயே இதைச் செய்திருந்தால் 700 ரூபாயும் ஒரு வாரமும் மிச்சம்.

'டங்' அதிர்வுக்குக் காரணம் ஸ்பிரிங்குக்கும் உள்ளே நிற்கும் வழிகாட்டிக் குழாய்க்கும் இடையிலான தொளதொளப்பு. லேத்தில் ஒரு நைலான் குழாயை ஸ்பிரிங்குக்குள் இறுக்கமாக நுழையும்படி கடைந்து வாங்கினேன். அதிர்வில் முக்கால்வாசி அதிலேயே போயிற்று. பூட்டும்போது ஸ்பிரிங்கிலும் பிஸ்டனின் பக்கவாட்டிலும் மாலிப்டினம் கிரீஸ் விரல்நுனியால் மெல்லிசாக. வாஷருக்கு முன்னால் ஒரு துளிகூட இல்லை. மூன்று உருண்டைகளையும் கெட்டி கிரீஸில் ஒட்டவைத்துக் கூண்டுக்குள் நிறுத்தினால் பூட்டும்போது விழாது. குழல் மடங்கும் மூட்டிலிருக்கும் சின்னத் தோல் வளையத்தையும் மாற்றினேன். அது கசிகிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ துணுக்கை மூட்டின் மேல் வைத்துச் சுட வேண்டும். முதலில் துணுக்கு துள்ளியது; வளையத்துக்கு அடியில் காகித வட்டம் ஒன்று கொடுத்ததும் அசையவில்லை. கட்டையின் விரிசலுக்கு எபாக்ஸி. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பூட்டி முதல் இருபது ரவை வரைக்கும் லேசாகப் புகைந்தது. விளக்கெண்ணெய் மிச்சம். பிறகு நின்றது. தோல் சிலிண்டரோடு பழக ஒரு நூறு ரவை விட்டுவிட்டு, அதே குக்கர் மூடியை அதே 10 மீட்டரில் தொங்கவிட்டேன். சராசரி 92. ரவை பறந்தது 63 மில்லிசெகண்ட், செகண்டுக்கு 159 மீட்டர், 6.3 ஜூல். புதுத் துப்பாக்கியின் பாதிச் சக்திகூட இல்லை. ஆனால் பத்துக் குண்டும் 91-க்கும் 93-க்கும் நடுவில் விழுந்தன. நான் தேடியது அதைத்தான். காகிதத்தில் துளை போட 6 ஜூல் தாராளம்.

மொத்தச் செலவு, தவறிய ஸ்பிரிங்கையும் மதுரைப் பஸ் கட்டணத்தையும் சேர்த்து 2,900 ரூபாய். அச்சுக்கும் நைலான் குழாய்க்குமே பாதி போயிற்று. இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவகாசம் இல்லாதவர்கள், அல்லது குழலோ சிலிண்டரின் முன்பக்கமோ குழி விழுந்த துப்பாக்கி வைத்திருப்பவர்கள், தயங்காமல் புதுசு வாங்கலாம். வயல்காட்டுத் தூரத்தில் டப்பா சுட ஆசைப்படுகிறவர்களுக்கும் புதுசுதான் சரி. பழையதை அந்த வேகத்துக்கு ஏற்ற முயன்றால் என் 3.5 மி.மீ. ஸ்பிரிங் கதைதான்.

பறவை விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏர் கன் சரிபண்ணுகிறேன் என்றதும் பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேர் வந்து, பறவை சுடக் கண்மாய்க்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லி, கூட உட்கார வைத்துக் காரணத்தையும் சொன்னேன். சக்கரக்கோட்டை, காஞ்சிரங்குளம், சித்திரங்குடி எல்லாம் பறவைகள் எங்கிருந்தோ பறந்து வந்து கூடு கட்டுகிற இடங்கள். தனுஷ்கோடிக்குப் பூநாரை வரும் மாதங்களில் போய் ஒரு காலை நின்று பார்த்தவனுக்கு அதன் மேல் குறி வைக்கக் கை வராது. 1972 வனவுயிர்ச் சட்டம் இருக்கிறது, மயிலில் கை வைத்தால் சிறைதான். சட்டமே இல்லாவிட்டாலும் என் வீட்டுத் துப்பாக்கி அதற்காக வெளியே போகாது. இப்போது அந்த இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காகிதத்தில் சுட வருகிறார்கள். மீன் பெட்டியில் மணலை நிரப்பி, முன்னால் பலகையில் காகிதம். கல்லையோ இரும்புத் தகட்டையோ நேராகச் சுட்டால் ஈயம் திரும்பி வரும். குக்கர் மூடிகூடத் தொங்கினால்தான், அதுவும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான். ரவை வைக்கும்போது மடங்கிய குழலை மறுகையால் இறுகப் பிடித்திருக்க வேண்டும், உருண்டைகள் வழுக்கினால் விரல் போய்விடும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பலகாரம், ஈயம் விஷம்.

துருவுக்கு என் ஏற்பாடு இப்போது இது. சுட்டு முடித்ததும் இரும்பு முழுவதையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உப்பை எடுப்பேன். எண்ணெய்த் துணி உப்பை எடுக்காது, மூடித்தான் வைக்கும். காய்ந்ததும் மெஷின் எண்ணெய் தொட்ட துணி, வெளியே மட்டும். ரெக்சின் உறையில் போடுவதில்லை, உள்ளே வியர்க்கும். கதவு வைத்த மர அலமாரியில், பழைய வேட்டியில் சுற்றி, கடல் பார்க்காத பக்கத்து அறையில்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு மருமகளை வேதாளைக்கு அழைத்துப்போனோம். 10 மீட்டரில் பிஸ்டல் காகிதம் கட்டினேன். ரைஃபிள் காகிதத்தில் பத்து என்பது அரை மி.மீ. புள்ளி, திறந்த குறியில் பழகுகிற பிள்ளைக்கு அது மனசு விடச் செய்யும். பிஸ்டல் காகிதத்தில் பத்து 11.5 மி.மீ. ஒரு கையாலேயே மடக்கினாள். முன்கட்டையை இறுக்கிப் பிடிக்காதே, உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும், அது உதைக்கிறபடி உதைக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். ஐந்தில் மூன்று கறுப்பு வட்டத்துக்குள், அதில் இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. மச்சான் காகிதத்தை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதுசைப் பற்றி இந்த வருடம் பேச்சு இல்லை. அவள் தோள் இன்னும் கொஞ்சம் உறுதியானால் வாங்குவோம், பிரித்துத் துடைப்பதை அதற்குள் கற்றுக்கொடுத்துவிடுவேன்.

பெரியப்பா திண்ணையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் ரவைக்கே தலையைத் திருப்பினார். ஐந்தும் முடிந்ததும் துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லி, மடக்கி, துவாரத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தார்.

"எண்ணெய் விடலையாடா?"

"தோலுக்கு மட்டும் விளக்கெண்ணெய் பெரியப்பா. உள்ள சொட்டு விடக் கூடாதாம், கருகிருது."

கொஞ்ச நேரம் குழலைத் தடவிக்கொண்டிருந்தார். முத்திரை இருக்கும் இடத்தில் அவர் விரல் தானாக நின்றது. "கொழும்புல வாங்குனப்ப இந்தச் சத்தந்தான்" என்றார்.

வாடை முடிந்து தையில் மறுபடி பிரிக்க வேண்டும். தோல் எப்படி இருக்கிறது என்று பார்க்கணும், பின்குறியின் திருகு ஒன்று தளர்ந்து ஆடுகிறது, அதையும் பார்க்கணும். ஆசாரியிடம் கிளாம்புக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.